அம்பலம் ஏறாத பேரம்

கிரிமினல் வழக்கு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுவது நியாயஸ்தலம்: கூண்டில் நிற்கும் எதிரி, சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்லும் ஊரார், அவர்களைக் குறுக்குக் கேள்விகளால் மடக்கும் வக்கீல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உயரத்தில் வீற்றிருக்கும் நீதிபதி. ஜூரி விசாரணையைத் தன் அரசியல் சாசனத்திலேயே குடிமக்களின் பாத்தியதையாக எழுதி வைத்திருக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் காட்சி அபூர்வமாகிவிட்டது. அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2012-ஆம் ஆண்டு மிஸ்ஸூரி எதிர் ஃப்ரை என்ற வழக்கில் எடுத்துக்காட்டிய கணக்குப்படி, குற்றவாளி என்று முடிவான வழக்குகளுள், மத்திய சர்க்கார் நடத்தியவற்றில் நூற்றுக்கு 97-ம் மாநிலங்கள் நடத்தியவற்றில் 94-ம், விசாரணை நடவாமலே குற்ற ஒப்புதலால் முடிந்தவை. அந்த ஒப்புதல்களில் மிகப் பல, சர்க்கார் வக்கீலும் எதிரியின் வக்கீலும் முன்கூட்டியே பேசி முடித்த பேரத்தின் விளைவுகள்.

இப்பேரங்கள் பெரும்பாலும் இரண்டு கட்டங்களில் நிகழ்கின்றன. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, சில குற்றங்களைக் கைவிடுவதாகவோ தண்டனையைக் குறைக்கச் சிபாரிசு செய்வதாகவோ சர்க்கார் வாக்களிக்க, எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வது ஒன்று. இதைக் குற்ற ஒப்புதல் பேரம் என்கிறோம். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்னரே, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கே தொடர மாட்டோம் என்று சர்க்கார் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. இது வழக்குத் தொடராமை ஒப்பந்தம். முன்னது நீதிபதியின் பார்வைக்கு வந்தே தீரவேண்டும். பின்னதற்கோ அப்படிப்பட்ட கட்டாயம் ஏதும் இல்லை. பேரம் எவ்வளவுக்கெவ்வளவு முன்னதாக முடிகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதன்மீது வெளியார் கண் படுவது குறைகிறது என்பதும், செல்வமும் செல்வாக்கும் உடையவர்களுக்கே அந்த முன்கட்டத்தில் பேரம் பேசும் சக்தி மிகுதியாக வாய்க்கிறது என்பதும், ஆகவே கொடிய குற்றங்களில் எழும் அநீதிக்குப் பேரத்தைவிட அது நிகழும் மறைவிடமே பெரிய காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பேரத்தை அடியோடு வெறுப்பவர்கள் முதலில் அதன் நியாயத்தைக் கேட்டல் தகும். வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரைச் சூழ்ந்த கிங் கவுண்டியில், பல ஆண்டுகளாகப் பெண்களைக் கொன்று உடல்களை ஆற்றோரங்களிலும் காடுகளிலும் எறிந்துவந்த கேரி ரிட்ஜ்வே 2001-இல் பிடிபட்டபோது, சர்க்கார் கையில் சில கொலைகளுக்கே போதிய சாட்சியம் இருந்தது. அவனுக்கு மரண தண்டனை கோருவதில்லை என்று சர்க்கார் தரப்பு இணங்கியது. அதற்கு ஈடாக அவன் காணாமற்போன பெண்களின் உடல்கள் கிடக்கும் இடங்களைக் காட்டவும், 2003-ஆம் ஆண்டு நவம்பரில் 48 கொலைகளை ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. தங்கள் பெண் எங்கே என்றே அறியாதிருந்த குடும்பங்களுக்கு இதனால் ஒரு விடை கிடைத்தது. அத்தனை கொலைகளைச் செய்தவன் உயிரோடிருக்க, ஒரே கொலை செய்தவனைத் தூக்கிலிடுவது எப்படி நியாயமாகும் என்ற ஆட்சேபம் எழாமலில்லை. ஆயினும் அந்தப் பேரத்தின் நிபந்தனைகள் யாவும் திறந்த நீதிமன்றத்தில் வெளியிடப்பட்டன, ஒப்புக்கொண்ட குற்றங்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன, இறந்தவர்களின் உறவினர் அவன் முகத்துக்கு நேரே பேசினர். ஒப்புவதும் மறுப்பதும் அறிந்தவர்களின் விவாதமாக அது நடந்தது.

அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பேரங்களைச் சட்டத்துக்குட்பட்டனவாக ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கு எல்லைகளை வகுக்க முயன்றிருக்கிறது. 1970-இல் பிரேடி வழக்கில், மரண தண்டனைக்கு அஞ்சிச் செய்த ஒப்புதல் அக்காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது என்றது. 1971-இல் சாண்டோபெல்லோ வழக்கில், சர்க்கார் வக்கீல் கொடுத்த வாக்கைச் சர்க்கார் காப்பாற்றியே ஆகவேண்டும் என்றது. ஆனால் 1978-இல் வந்த ஹேஸ் வழக்கு இந்த முறையின் கொடுமையான பக்கத்தைக் காட்டுகிறது. கென்டகி மாநிலத்தில் 88 டாலர் 30 சென்ட் தொகைக்குப் போலிக் காசோலை கொடுத்த ஒருவரிடம், ஒப்புக்கொண்டால் ஐந்தாண்டு என்றும், மறுத்தால் பழைய குற்றவாளி என்ற பிரிவையும் சேர்த்து ஆயுள் தண்டனை கோருவோம் என்றும் சர்க்கார் வக்கீல் சொன்னார், அவர் மறுத்தார், ஆயுள் தண்டனை விழுந்தது, சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதில் சட்ட விரோதம் ஏதுமில்லை என்று தீர்த்தது. வசதியற்றவனுக்குப் பேரம் என்பது இவ்வாறு மிரட்டலாகவும் மாறக்கூடும். எனினும் அந்த மிரட்டல் வழக்கின் பதிவேட்டில் இடம்பெற்றது; அதனால்தான் அது மேல்முறையீடாகி, நாட்டின் மிக உயர்ந்த மன்றம்வரை சென்று, இன்றும் சட்டக் கல்லூரிகளில் விவாதிக்கப்படுகிறது.

மத்திய கிரிமினல் நடைமுறை விதிகளில் பதினோராவது விதி, ஒப்புதல் பேரத்தைத் திறந்த நீதிமன்றத்தில் வெளியிடவேண்டும் என்றும், எதிரி மனமார ஒப்புகிறாரா என்று நீதிபதியே நேரில் வினவவேண்டும் என்றும், ஒப்புதலுக்கு உண்மையான ஆதாரம் உண்டா என்று பார்க்கவேண்டும் என்றும் விதிக்கிறது. பேரம் பிடிக்காவிட்டால் அதை நிராகரிக்கும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. குற்றப்பத்திரிகையே இல்லாத இடத்தில் இந்த விதி எதைப் பற்றி நிற்கும்? வழக்கு எண் இல்லை, நீதிபதி இல்லை, பதிவேடு இல்லை. இரு தரப்பு வக்கீல்களின் கையெழுத்துகளே அங்கே முதலும் முடிவும் ஆகின்றன. இந்த இடைவெளியில் என்னவெல்லாம் நிகழக்கூடும் என்பதற்கு ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த பெருந்தனவந்தரான எப்ஸ்டீனுக்கு ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச்சிலும் ஒரு மாளிகை இருந்தது. 2005-ஆம் ஆண்டு ஒரு பதினான்கு வயதுச் சிறுமியின் குடும்பத்தார் கொடுத்த புகாரின்பேரில் உள்ளூர்ப் போலீஸார் விசாரிக்கத் தொடங்கினர். பணத்தாசை காட்டி அழைத்துவரப்பட்ட பள்ளிச் சிறுமிகள் பலர் அம்மாளிகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தது. மாநிலச் சர்க்கார் வக்கீல் வழக்கைக் கிராண்ட் ஜூரியின் முன் வைக்க, 2006 ஜூலையில் அங்கிருந்து வெளிப்பட்டது விபசாரத்துக்கு அழைத்ததாக ஒரே ஒரு குற்றச்சாட்டு. மனங்கொதித்த போலீஸ் தலைவர் மைக்கேல் ரைட்டர் விஷயத்தை மத்திய புலனாய்வுத் துறையிடம் கொண்டுசென்றார். அவர்கள் முப்பதுக்கு மேற்பட்ட சிறுமிகளை அடையாளம் கண்டனர். தெற்கு ஃபுளோரிடா மத்திய சர்க்கார் வக்கீல் அலுவலகத்தில் வழக்கைக் கவனித்தவர் 2007 மே மாதத்திலேயே, 60 குற்றச்சாட்டுகள் அடங்கிய வரைவுக் குற்றப்பத்திரிகை ஒன்றைத் தயாரித்து மேலதிகாரிகளின் முன் வைத்தார்.

அந்த வரைவு நியாயஸ்தலத்தின் படியேறவே இல்லை. எப்ஸ்டீன் அமர்த்திய புகழ்பெற்ற வக்கீல்களோடு மாதக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில், 2007 செப்டம்பர் 24 அன்று வழக்குத் தொடராமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாநில நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை அவர் ஒப்புக்கொள்ளவேண்டும், பதினெட்டு மாதச் சிறைவாசம் ஏற்கவேண்டும், பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் பெயர் சேர்க்கப்படவேண்டும், பாதிக்கப்பட்டோர் நஷ்டஈடு கோருவதற்கு நியமிக்கப்படும் வக்கீலின் கட்டணத்தைச் செலுத்தவேண்டும். அவ்வாறு செய்தால் அம்மாவட்டத்தில் மத்திய வழக்கு இல்லை. அவருக்கு மட்டுமா? பெயர் குறித்த நான்கு உதவியாளர்களுக்கும், பெயரே குறிப்பிடாமல், சதியில் உடனிருந்திருக்கக்கூடிய எவருக்கும் அதே பாதுகாப்பு அளிக்கப்பட்டது. யாரென்று எழுதாத மனிதர்களுக்கு, என்ன செய்தார்கள் என்று விசாரிக்காத செயல்களுக்காக முன்கூட்டியே அபயம் கொடுத்த இந்த வாசகம், ஒப்பந்தத்தின் மற்ற எல்லா நிபந்தனைகளையும்விட விசித்திரமானது. ஒப்பந்தம் பொதுப் பதிவேட்டில் சேராது என்ற எதிர்பார்ப்பும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

அவர் 2008 ஜூன் 30 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, கவுண்டிச் சிறையில் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள் கழித்தார். அதிலும் பெரும்பகுதி, வாரத்தில் ஆறு நாட்கள்வரை, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே தம் அலுவலகத்தில் இருக்க அனுமதிக்கப்பட்டார். கையெழுத்தாகி மூன்று மாதங்களுக்குமேல் கழிந்தபின், 2008 ஜனவரியில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அனுப்பிய கடிதங்கள், வழக்கு இன்னும் புலனாய்வில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தன. முடிந்துபோன காரியத்தை நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லி அவர்களைக் காத்திருக்க வைத்தது, ஒப்பந்தத்தின் தாராளத்தைக் காட்டிலும் மனத்தைச் சுடுகிறது.

அப்போது அம்மாவட்டத்தின் மத்திய சர்க்கார் வக்கீலாக இருந்தவர் அலெக்ஸாண்டர் அகோஸ்டா. விசாரணைக்குச் சென்றால் தோற்கும் அபாயம் இருந்தது, சாட்சி சொல்லப் பல பெண்கள் தயங்கினர், மாநிலத்துக்கு உரிய வழக்கில் மத்திய சர்க்கார் அளவோடுதான் தலையிடலாம் என்பன அவர் தரப்புச் சமாதானங்கள். நீதி இலாகாவின் தொழில்நெறிப் பிரிவு 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, செல்வாக்குக்கோ லஞ்சத்துக்கோ அவர் இணங்கியதற்குச் சாட்சியம் இல்லை என்றும், தொழில்நெறி மீறல் இல்லை என்றும், ஆனால் விவேகக் குறைவான முடிவு என்றும் கூறிற்று. இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டால்தான் விஷயத்தின் தீவிரம் புலப்படும்: தீய நோக்கம் இல்லாத அதிகாரிகளே, யாரும் பாராத அறையில் அமர்ந்து, விதிகளை மீறாமலே, இவ்வளவு பெரிய அநீதியை எழுதி முடிக்கலாம் என்றால், குறை மனிதர்களோடு நிற்கவில்லை, முறையிலும் இருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு சட்டம் 2004-லேயே இருந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் என்ற அதன்படி, சர்க்கார் வக்கீலோடு கலந்து பேசவும், நியாயமாக நடத்தப்படவும் பாதிக்கப்பட்டோருக்குப் பாத்தியதை உண்டு. இதை ஆதாரமாகக் கொண்டு பெண்கள் 2008 ஜூலையில் தொடுத்த வழக்கு பத்தாண்டுகளுக்குமேல் இழுபட்டது. 2018 நவம்பரில் மயாமி ஹெரால்ட் பத்திரிகையில் ஜூலி பிரௌன் எழுதிய தொடர், மறக்கப்பட்ட அந்த ஒப்பந்தத்தைத் தேசத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் நீதிபதி கென்னத் மாரா, பெண்களிடம் மறைத்ததன்மூலம் சர்க்கார் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். ஜூலையில் நியூயார்க் அதிகாரிகள் எப்ஸ்டீனைக் கைது செய்தனர். அப்போது தொழிலாளர் மந்திரியாக இருந்த அகோஸ்டா ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 10 அன்று எப்ஸ்டீன் சிறையில் இறந்து கிடந்தார்.

ஆனால் மேல்முறையீட்டில் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பதினோராவது வட்டார அப்பீல் கோர்ட், 2020-இல் மூவர் பெஞ்சாகவும் 2021 ஏப்ரலில் முழு அமர்வாகவும், பெண்களுக்கு எதிராகத் தீர்த்தது. நடந்தது வெட்கக்கேடு என்பதை நீதிபதிகள் மறைக்கவில்லை. ஆயினும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில், இச்சட்டத்தைக்கொண்டு தனி வழக்குத் தொடர எவருக்கும் உரிமை இல்லை என்பது பெரும்பான்மையோரின் முடிவு. 2022-இல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. இதன் பலன் யாதெனில், வழக்குத் தொடர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. வழக்கே இல்லை என்று சர்க்கார் எதிரியோடு பேசி முடித்துக்கொண்டால் அந்த உரிமையை நிலைநாட்ட வழியில்லை. எந்த இடத்தில் உரிமை மிக அவசியமோ அந்த இடத்திலேயே அது கைநழுவுகிறது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. இங்கே அம்பலத்துக்கே பூட்டுப் போட்டாயிற்று.

தனிமனிதர் விஷயத்தில் கண்டதையே பெரிய கம்பெனிகள் விஷயத்தில் இன்னும் விரிவாகக் காணலாம். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் கம்பெனியின் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டனர். விமானத்தின் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அதிகாரிகளை ஏமாற்றியதான குற்றச்சாட்டில், 2021 ஜனவரியில், குற்றச்சாட்டைத் தாக்கல் செய்தபின் நிபந்தனைகள் நிறைவேறும்வரை வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தம் ஒன்று கம்பெனியோடு செய்யப்பட்டது. மொத்தத் தொகை 250 கோடி டாலருக்கு மேல் என்று அறிவித்தாலும், அதில் பெரும்பங்கு விமானம் வாங்கிய கம்பெனிகளுக்கான ஈடு; அபராதமாகச் செலுத்தியது 24 கோடி 36 லட்சம் டாலரே. இறந்தோரின் குடும்பத்தாரிடம் யாரும் கலந்து பேசவில்லை. அவர்களும் சட்டப்படி பாதிக்கப்பட்டோரே என்று டெக்ஸாஸின் நீதிபதி ரீட் ஓகானர் 2022-இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் மீறப்பட்டது என்று சர்க்காரே பின்னர் முடிவு செய்து, 2024-இல் குற்ற ஒப்புதல் பேரம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை டிசம்பரில் நீதிபதி நிராகரித்தார். பிறகு என்ன நடந்தது? 2025 மே மாதத்தில் இரு தரப்பும் வழக்குத் தொடராமை ஒப்பந்தத்துக்குச் சென்றன. வழக்கை வாபஸ் பெறச் சர்க்கார் அனுமதி கேட்டபோது, இது பொதுநலனுக்கு உகந்தது என்பதைத் தாம் ஏற்கவில்லை என்று பதிவு செய்துவிட்டு, மறுக்கத் தமக்கு அதிகாரம் இல்லையென்று நவம்பரில் நீதிபதி இசைந்தார். நீதிபதியின் கண்ணில் பட்ட பேரம் நிற்கவில்லை. அவர் கைக்கு எட்டாத பேரம் நிலைத்துவிட்டது. என் வாதத்துக்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

மாற்று வழி இல்லையா என்றால், இங்கிலாந்து அதை ஓரளவு காட்டியிருக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் குற்றங்கள் மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ், வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தம் கம்பெனிகள் போன்ற ஸ்தாபனங்களுக்கு மட்டுமே உரியது, தனிமனிதருக்குக் கிடையாது. ஒப்பந்தம் நீதியின் நலனுக்கு ஏற்றதா, நியாயமும் அளவும் உடையதா என்று நீதிபதி முடிவு செய்து, காரணங்களைத் திறந்த நீதிமன்றத்தில் சொன்ன பிறகே அது அமலுக்கு வரும். 2017 ஜனவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி லஞ்ச வழக்கில் 49 கோடி 70 லட்சம் பவுண்டுக்குமேல் செலுத்த இணங்கியபோது, இவ்வளவு பெரிய குற்றத்துக்கும் வழக்கு இல்லையென்றால் பின் எதற்கு வழக்கு என்ற கேள்வியை நீதிபதி லெவசனே தம் தீர்ப்பில் எழுப்பி, பதிலும் எழுதினார். அந்தப் பதிலை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. மறுப்பதற்கும் படிக்க ஒரு தீர்ப்பு இருக்கிறது என்பதே முக்கியம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் எச்சரிக்கையோடு நடந்திருக்கிறது. பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறையை நம் சுப்ரீம் கோர்ட் 1976-இல் முரளிதர் லோயா வழக்கிலும், 1980-இல் காசம்பாய் வழக்கிலும் வன்மையாகக் கண்டித்தது. பிறகு 2006 ஜூலையில் அது சட்டமாக வந்தபோதும், ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களும், பெண்களுக்கும் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களும் விலக்கப்பட்டன. பேச்சுவார்த்தையில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் தரப்பட்டது. கொடிய குற்றங்களில் உடந்தையாயிருந்தவரை அப்ரூவராக்கி மன்னிப்பளிக்கும் பழைய ஏற்பாட்டிலும், மன்னிப்பை வழங்குபவர் மாஜிஸ்திரேட்டோ விசாரணை நீதிமன்றமோதான். மாஜிஸ்திரேட் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். போலீஸார் வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தால், புகார் கொடுத்தவருக்கு அறிவித்து அவர் சொல்வதைக் கேட்காமல் அதை ஏற்கக்கூடாது என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. புகாரையே பதிவு செய்யாமல் திருப்பியனுப்பும் போலீஸ் நிலையங்களைக் கொண்ட நாம் பெருமை பேசத் தகுதியற்றவர்களாக இருக்கலாம். ஆனால் வழக்கு இல்லை என்ற முடிவுக்கும் ஒரு நீதிபதி வேண்டும், புகார்தாரரின் குரல் வேண்டும் என்ற தத்துவம் சரியானதே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் எடைபோட வேண்டும். வழக்குத் தொடர்வதா, விடுவதா என்பது நிர்வாகத் துறையின் அதிகாரம், நீதிபதி அதில் நுழைந்தால் அதிகாரப் பிரிவினை குலையும் என்பது முதல் வாதம். 2016-இல் ஃபாக்கர் வழக்கில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் இதையே வலியுறுத்தி, ஒத்திவைப்பு ஒப்பந்தம் மிக மென்மையானது என்ற காரணத்துக்காக நீதிபதி அதை மறுக்க முடியாது என்றது. சாட்சியம் போதாமையால் ஒரு வழக்கைக் கைவிடுவதற்கு இவ்வாதம் முற்றும் பொருந்தும். ஆனால் குற்றவாளியிடமிருந்து பிரதிபலன் பெற்றுக்கொண்டு, எழுத்து மூலம் விடுதலை கொடுப்பது வெறும் கைவிடுதல் ஆகாது. தண்டனைக்கு ஒத்த நிபந்தனைகளை விதித்து வழக்கை முடிப்பது பாதி நியாயத் தீர்ப்பு. தீர்ப்பின் சாயல் எங்கே உண்டோ அங்கே நீதிபதியின் கண்ணும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களிடம் ஒப்பந்தத்தைப் பற்றி முன்கூட்டிச் சொன்னால், நஷ்டஈட்டுக்காகப் பொய் சொல்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு சாட்சிகளைத் தாக்கும் என்பது இரண்டாவது வாதம். வழக்கு விசாரணைக்குப் போகவிருந்தால் இந்த அச்சம் நியாயமே. எப்ஸ்டீன் விவகாரத்தில் கையெழுத்தான பிறகும் மாதக்கணக்கில் மௌனம் சாதித்ததை அது விளக்கவில்லை.

ஆகவே செய்யவேண்டியவை அரிதானவை அல்ல. கொடிய குற்றங்களில் எழுதப்படும் எந்த வழக்குத் தொடராமை ஒப்பந்தமும், அது அமலுக்கு வருமுன் ஒரு நீதிபதியின்முன் வைக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு வீட்டோ அதிகாரம் வேண்டாம், ஆனால் கையெழுத்துக்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாத எவருக்கும் பாதுகாப்பு இருத்தலாகாது. புலனாய்வின் பொருட்டு ரகசியம் தேவையானால் அதற்கு ஒரு காலவரையும், அது முடிந்ததும் பிரசுரமும் விதிக்கப்பட வேண்டும். இந்த நான்கும் பேரத்தைத் தடுக்கவில்லை. ரிட்ஜ்வேயைப்போல் உண்மையை வெளிக்கொணரும் பேரங்கள் அப்போதும் நடக்கும். தடைபடுவன, வெளியே சொல்ல முடியாத காரணங்களுக்காக மட்டுமே நிறைவேறக்கூடிய பேரங்கள். அவை தடைபடுவதால் நியாயத்துக்கு நேரும் நஷ்டம் எதுவுமில்லை.